நாடகத்துக்கு அப்பறம் பதிலுரை

இந்தப் பக்கம் வெயில் அடிக்குமுங்க. நீங்க இப்பிடி உள்ள வந்துக்கங்க, நான் ஜன்னலோரம் ஒக்காந்துக்கறன். எனக்கு வெயிலு ஒண்ணும் பண்ணாது. முப்பது வருசம் பம்பு கம்பெனில இரும்பு உருக்கற பவுண்டரிக்குப் பக்கத்துல நின்னவன். கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். காந்திபுரத்துல எறங்கி இன்னொரு பஸ்ஸு மாறோணும். கோபிக்குக் கண்ணாலத்துக்கு வந்தீங்களாக்கும். கைல தாம்பூலப் பை இருக்கறதப் பாத்தன், அதான் கேட்டன். நான் ஒரு நாடகம் பாக்க வந்தனுங்க.

ஆமாங்க, நாடகந்தான். மேடைல ஆளுக நின்னு பேசறது. இன்னிக்கு ஞாயித்துக்கெழமைன்னு காலைலயே போட்டாங்க. நேத்தே என்ற சம்சாரம் கேட்டா, இந்த வெயில்ல அத்தன தூரம் போகோணுமான்னு. போகோணும்னு சொல்லீட்டு வந்துட்டன். இப்ப ஒடம்பு வலிக்குது. வயசு ஆகுதில்லீங்களா.

உங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க. நான் பேசிக்கிட்டு வருவன். சம்சாரம் சொல்லுவா, உங்களுக்குக் கேக்க ஆளு வேண்டியதில்ல, எதுக்க ஒக்கார ஆளு இருந்தாப் போதும்னு. அவ அப்பிடித்தான் எதையாச்சும் சொல்லிக்கிட்டிருப்பா.

எம் பேரு சென்னியப்பன். கருக்கல் நாடகக் குழுன்னு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பரவால்லீங்க. கோயமுத்தூர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேரு தெரிஞ்சும் வர்ல. இருவது வருசம் நடத்துனன். எழுதறது நானு, சொல்லிக் குடுக்கறது நானு, பெரிய வேசம் கட்டறதும் நானு. லைட்டுக்கு ரங்கதொரைன்னு ஒருத்தன், எலக்ட்ரிக் கடை வெச்சிருக்கறவன். பொம்பள வேசத்துக்கு வசந்தாமணி. மத்தவங்க வருவாங்க, போவாங்க. நாங்க மூணு பேருதான் நெலையா இருந்தது.

வசந்தாமணிக்கு ஸ்பின்னிங் மில்லுல வேல. வீட்டுக்காரரு லாரிக்குப் போறவரு, மாசத்துல பாதி நாளு வடக்கதான். ஒரு பொண்ணு, அப்ப காலேசு படிச்சுக்கிட்டிருந்துச்சு. மில்லு சத்தத்துல கத்திக் கத்திப் பேசிப் பழகுனதுக்குக் குரலு நல்லா பெருசா இருக்கும்னு நெனச்சுத்தான் குழுவுல சேத்தன். பாத்தா, சன்னக் குரலுங்க. கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. "வசந்தாமணி, சத்தமாப் பேசம்மிணி"ன்னு சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை கட்டிக்கும். ஆனா ஒரு நாளும் ஒத்திகைக்கு வராம இருந்ததில்ல. ஷிப்ட் முடிச்சுட்டு அப்பிடியே தலையில பஞ்சோட வந்து நிக்கும். அதச் சொல்லோணும்.

சரி, பிரச்சன எங்க ஆரம்பிச்சதுன்னா, 'ஆயிரம் அடி'ன்னு ஒரு நாடகம் போட்டமுங்க. நான் எழுதுனதுலயே அதுதான் நல்லது. ஒரு வெவசாயி, மூணு போர்க்கெணறு போட்டும் தண்ணியில்ல. பொண்டாட்டி வேண்டாங்கறா. கேக்காம நாலாவதா ஆயிரம் அடிக்குப் போடறான். வெறும் கல்லுப்பொகைதான் வருது. அவ்வளவுதான் கதை. வெவசாயி நானு. பொண்டாட்டி வசந்தாமணி. மொத சீன்ல தண்ணியப் பத்தி நான் ஒரு பேச்சுப் பேசுவன் பாருங்க, மூச்சு விடாம. நம்ம நாட்டுல தண்ணிக்கு என்னென்ன நடந்துச்சோ அத்தனையும் அதுல வந்துரும்.

மூணாவது சீனு ஒண்ணு இருந்துச்சு. வெளிய போர் போடற ரிக் வண்டி ஓடற சத்தம். பொண்டாட்டி உள்ள ஒக்காந்திருக்கறா. அதுக்கு ஒரு பக்கம் வசனம் எழுதியிருந்தன். ரங்கதொரை ரிக் சத்தத்த டேப்புல போட்டானா, அதுல வசந்தாமணி பேசறது ஒண்ணுமே கேக்குல. சத்தத்தக் கொறைச்சா ரிக்கு மாதிரி இல்ல, மாவு அரைக்கற மாதிரி இருந்துச்சு. சலிச்சுப் போயி, "வசனத்த உடு, சும்மா ஒக்காந்து வெங்காயம் உரி"ன்னுட்டன். அது பாட்டுக்கு மொறத்துல சின்ன வெங்காயத்தப் போட்டு உரிச்சுக்கிட்டு இருக்கும். ரிக் சத்தம் நின்ன ஒடனே தலையத் தூக்கிப் பாக்கும். லைட்டு அணைஞ்சுரும். அது ஒரு சீனுங்களா? எடத்த அடைக்கறதுக்குப் பண்ணுனது.

அப்ப அருமைநாதன்னு ஒருத்தரு. பேங்குல இருந்து ரிட்டயர் ஆனவரு, நாகர்கோயில் பக்கம், கோயமுத்தூர்லயே வடவள்ளியில வீடு கட்டிக்கிட்டு இருந்தாரு. ஒரு மாசப் பத்திரிகைல நாடகத்தப் பத்தி எழுதுவாரு. பாஸ் குடுத்தா வாங்க மாட்டாரு, டிக்கெட் எடுத்துத்தான் வருவாரு. அதுவே எனக்கு ஒரு மாதிரிதான். பாஸ் வாங்குனா கொஞ்சமாச்சும் மரியாத இருக்குமில்லீங்களா.

அவரு எழுதுனாருங்க. எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். "ஆயிரம் அடி நாடகத்தில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, வசனம் என்ற பெயரில் பார்க்கிறவர்கள் தலையில் ஆயிரம் அடி விழுகிறது." எப்பிடி? பேர வெச்சே அடிக்கறாரு. அப்பறம், "சென்னியப்பன் மேடையில் யாரிடமும் பேசுவதில்லை, எல்லோருக்கும் அறிவிக்கிறார்." அதுக்கும் கீழ, "மூன்றாவது காட்சியில் வசந்தாமணி ஒரு வார்த்தை பேசாமல் வெங்காயம் உரிக்கிறார். ரிக் நின்றதும் நிமிர்ந்து பார்க்கிறார். நாடகம் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. இந்த நடிகையை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?"

ஒளிச்சு வெச்சிருந்தனாம். எப்பிடிப் பேச்சுப் பாருங்க. ஊரறிய மேடை ஏத்துனவன் நானு.

அந்த வாரம் ஒத்திகைல வசந்தாமணி எங்கிட்ட வந்துச்சு. "அண்ணா, அந்தப் புஸ்தகத்த ஒரு நாளைக்குக் குடுக்கறீங்களா? என்ற பொண்ணு பாக்கோணும்ங்கறா"ன்னுச்சு. குடுத்திருப்பனுங்க. ஆனா அதுலதான் நான் செவப்பு மையில கோடு போட்டுப் போட்டு, எதுக்கு எதுக்குப் பதில் சொல்லோணும்னு குறிச்சுக்கிட்டு இருந்தன். "சித்த நாள் போகட்டும், வேல முடிஞ்சதும் தர்றன்"னு சொன்னன். அப்பறம் அது கேக்குல. நானும் மறந்துட்டன்.

பத்திரிகைக்கு எழுதி அனுப்பலாம்னுதான் மொதல்ல நெனச்சன். அவங்க போடறாங்களோ இல்லையோ. ஏன் அவங்களப் போயிக் கெஞ்சோணும், மேடை நம்முது, ஆளுக நம்ம முன்னாடி ஒக்காந்திருக்கறாங்கன்னு தோணுச்சு. அடுத்த ஷோ முடிஞ்சு எல்லாரும் கை தட்டுனாங்களா, வேசத்தோட அப்பிடியே முன்னாடி வந்தன். "ஒரு அஞ்சு நிமிசம் ஒக்காருங்க"ன்னு சொல்லிப் பதில் படிச்சன்.

நல்லா எடுபட்டுச்சுங்க. பொய் சொல்லுல. சிரிச்சாங்க, கை தட்டுனாங்க. "விமர்சகர் எதைப் பாத்து மயங்குனாரு தெரியுங்களா?"ன்னு கேட்டு, அந்த மூணாவது சீனு எப்பிடி வந்துச்சுங்கற உண்மையைச் சொன்னன். "அந்தம்மாவுக்குக் குரலு பின்னாடி வரிசைக்கு எட்டாது. அதனால நாந்தான் பேச வேண்டாம்னு சொன்னன். அது நடிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல, வெங்காயம் உரிக்கறது"ன்னன். சபையே சிரிச்சுச்சு. உண்மையச் சொல்றதுல என்னங்க இருக்கு? அருமைநாதனுக்கு நாடகம் பாக்கத் தெரியாதுன்னு காட்டோணுமில்ல.

வசந்தாமணி சைடு படுதாவுக்குப் பக்கத்துல மொறத்தக் கைல வெச்சுக்கிட்டு நின்னுக்கிட்டிருந்துச்சு. நான் உள்ள போனப்ப அங்க காணம். நைட் ஷிப்டு இருந்துச்சு, கெளம்பீட்டாங்கன்னான் ரங்கதொரை.

அதுல இருந்து ஒவ்வொரு ஷோவுக்கும் பதிலுரைதானுங்க. ஒரு பேப்பர்க்காரங்க "நீளத்தைக் குறைக்கலாம்"னு ஒரே வரி எழுதுனாங்க, அதுக்கு நாலு பக்கம் நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தன். போன்ல படம் புடிச்சுப் பேசற ஒரு பையன் கொட்டாவி விடற மாதிரிப் பண்ணிக் காட்டுனான், அவனுக்கும் சொன்னன். கூட்டம் கூடிப் போச்சு. எடவேளைக்கு அப்பறம்தான் நெறைய வருவாங்க, நேரா பதிலுரை கேக்கறதுக்கு. "சென்னியப்பன் அண்ணன் இன்னிக்கு யார உரிக்கறாரு"ன்னு கேட்டுக்கிட்டே வருவாங்களாம். இருவது வருசத்துல அப்பத்தான் ஹால் நெறஞ்சுது. அதையும் சொல்லோணுமில்லீங்களா.

ஒரு நாளு ரங்கதொரை வந்து, "அண்ணா, ஹால நேரத்துக்கு விடச் சொல்றாங்க. உங்க பதிலு நீண்டுக்கிட்டே போகுது. எதையாச்சும் ஒண்ணக் கொறைக்கோணும்"ன்னான்.

"பதிலக் கொறைக்க முடியாது. அவங்க கேட்டதுக்கெல்லாம் வரிசையாச் சொல்லியிருக்கறன், நடுவுல உருவுனா நிக்காது"ன்னன்.

"அப்ப நாடகத்துல கை வெப்பீங்களா?"

"மூணாவது சீன எடுத்தறலாம். அதுல வசனமே இல்ல. எடுத்தாக் கதைக்கு ஒண்ணும் ஆகாது."

ரங்கதொரை திரும்பி வசந்தாமணியப் பாத்தான். அது அந்தப் பக்கம் வேசச் சீலைய மடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் அப்பிடி ஒண்ணும் கேக்காம பண்றவன் இல்லீங்க. "வசந்தாமணி, உனக்கு ஒண்ணும் இல்லையே?"ன்னு கேட்டன்.

"எனக்கென்னங்கண்ணா. உங்க நாடகம்"னுச்சு.

"வெங்காயம் உரிச்சுக் கண்ணு எரியற வேலயும் மிச்சம்"னன். சிரிச்சுச்சுங்க. நான் பாத்தன், சிரிச்சுச்சு.

இத்தனைக்கும் அருமைநாதன் திரும்பி ஒரு வார்த்த எழுதுல. அதுதானுங்க என்னை அரிச்சது. திட்டுனாக்கூடத் தாங்கிக்கலாம். நான் இத்தன பேசறன், அந்தாளு அடுத்த மாசம் வேற யாரோ போட்ட நாடகத்தப் பத்தி எழுதறாரு. கேட்டே ஆகோணும்னு ரங்கதொரையக் கூட்டிக்கிட்டு வடவள்ளிக்குப் போயிட்டன். வாங்க வாங்கன்னு ஒக்கார வெச்சாரு. அவரே உள்ள போயிக் காப்பி போட்டுக் கொண்டாந்தாரு. சட்டைப் பையில மாத்திரை அட்டை. நல்ல மனுசன் மாதிரிதான் இருந்தாரு.

"ஏனுங்க, நான் அத்தன கேட்டிருக்கறன், நீங்க ஒண்ணுக்கும் பதில் எழுதலையே"ன்னன்.

"நான் பாத்ததை நான் எழுதிட்டேன். நீங்க நினைக்கிறதை நீங்க சொல்லிட்டீங்க. அதோட முடிஞ்சுது இல்லையா?"ன்னாரு. அப்பறம், "அந்த அம்மா எப்படி இருக்காங்க? நான் எழுதினதைப் படிச்சாங்களா?"ன்னு கேட்டாரு.

"அதுக்கு மில்லு வேல, வீட்டு வேல. இதெல்லாம் படிக்க எங்கீங்க நேரம்?"னன்.

"போன வாரம் மறுபடியும் வந்திருந்தேன். மூணாவது காட்சியைக் காணோமே?"

"நேரம் பத்துலீங்க. எடுத்துட்டம்."

"எதுக்கு நேரம் பத்தலை?"

"உங்களுக்குப் பதில் சொல்றதுக்குத்தான்"னன். சும்மா விடுவனா?

காப்பி டம்ளரக் கீழ வெச்சாரு. "அப்ப தப்பு எம்மேலதான். நான் எழுதியிருக்கக் கூடாது"ன்னாரு.

அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாருங்க. வெளிய வந்து ரங்கதொரைகிட்டச் சொன்னன், "கேட்டியாடா, ஒத்துக்கிட்டாரு"ன்னு. ரங்கதொரை ஸ்கூட்டர ஸ்டார்ட் பண்ணுனான். என்னையத் தெருமொனையிலயே எறக்கி உட்டுட்டுப் போயிட்டான். அவன் அப்பவே சரியில்லீங்க. கொஞ்ச நாள்ல கடையில ஆளு இல்லைன்னு சொல்லி நின்னுக்கிட்டான்.

வசந்தாமணி அவனுக்கு முன்னாடியே நின்னுக்கிச்சு. மில்லுல ஷிப்ட மாத்தீட்டாங்க, ஒத்திகைக்கு வர முடியாதுன்னு போன் பண்ணுச்சு. சண்ட கிண்ட ஒண்ணும் இல்ல. "இத்தன நாள் சொல்லிக் குடுத்ததுக்கு நன்றிங்கண்ணா"ன்னுச்சு. மில்லுக்காரங்களுக்கு நாடகம்னா என்ன தெரியும், சட்டுனு ஷிப்ட மாத்தீருவாங்க. வேற ஒரு அம்மிணியப் போட்டன். நல்ல கணீர்னு குரலு. கடைசி வரிசை என்ன, ரோட்டுக்கே கேக்கும். ஆனா என்னமோ, அதுக்கப்பறம் யாரும் எங்களப் பத்தி எழுதறதையே உட்டுட்டாங்க. நல்லதும் எழுதுல, கெட்டதும் எழுதுல. எழுதாட்டி நான் எதுக்குங்க பதில் சொல்றது? பதில் இல்லைன்னதும் வந்துக்கிட்டிருந்த கூட்டமும் வர்ல. நாடகம் மட்டும் பாக்க ஆளில்ல. அப்பிடியே நின்னு போச்சு. விமர்சகருக ஒரு குழுவ எப்பிடி அழிப்பாங்கங்கறதுக்கு நாங்கதான் சாட்சி.

சிரிக்கறீங்களா? இல்லீங்களா. சரி, வெயிலுக்குக் கண்ணச் சுருக்கறீங்களாக்கும்.

இப்ப போன வாரம் வசந்தாமணி போன் பண்ணுச்சு. எத்தனையோ நாளுக்கப்பறம். "அண்ணா, நாங்க மில்லுப் பொம்பளைக கொஞ்சப் பேரு சேந்து ஒரு நாடகம் பண்ணியிருக்கறம். கோபில ஒரு மண்டபத்துல போடறம். முடிஞ்சா வாங்க"ன்னுச்சு. எனக்கு ஒரு நிமிசம் வெளங்குல. யாரு எழுதுனதுன்னு கேட்டன். "எல்லாரும் பேசிப் பேசி எழுதுனமுங்கண்ணா"ன்னுச்சு. பேசிப் பேசி எழுதுனா அது எப்பிடிங்க இருக்கும்? ஆனாலும் கூப்புட்டாங்களேன்னு வந்தன்.

ஷிப்ட் முடிஞ்ச அஞ்சு பொம்பளைக பஸ் ஸ்டாப்புல ஒக்காந்திருக்கறாங்க. பஸ்ஸு வர்ல. அதுதான் மொத்த நாடகமே. செட்டு இல்ல, படுதா இல்ல. ஒரு பெஞ்சு. என்னென்னமோ பேசறாங்க, புள்ளைகளப் பத்தி, முட்டி வலியப் பத்தி. பாதி நேரம் பேசறதே இல்ல. அதுவும் வசந்தாமணி, செருப்பக் கழட்டிக் கால நீவி உட்டுக்கிட்டு ஒக்காந்திருக்குது, ஒக்காந்தே இருக்குது. கடைசிலதான் எந்திரிச்சு ஒரு பேச்சுப் பேசுது. மேடைல மைக்கு கூட இல்ல. ஆனா மண்டபத்துல ஒரு சத்தம் இல்லீங்க. கொழந்தைகளக் கூட்டிக்கிட்டு வந்திருந்தாங்க, அதுகளும் அழுவுல. எனக்குப் பக்கத்துல இருந்த பெரியவரு சேரு நுனிக்கு நகந்து ஒக்காந்துக்கிட்டாரு. என்னத்தக் கண்டாரோ. நான் மணி பாக்கவே இல்ல. காலைல பஸ்ஸேறற அவசரத்துல வாட்ச்சக் கட்டுல, அதுதான்.

அருமைநாதன் வந்திருக்கறாரான்னு திரும்பித் திரும்பிப் பாத்தன். வர்ல. ஒடம்பு முடியலைன்னாங்க.

முடிஞ்சதும், பாத்தவங்க பேசலாம்னு ஒரு மைக்கக் குடுத்து உட்டாங்க. நல்லா இருந்துச்சு, எங்கம்மாவப் பாத்த மாதிரி இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா எந்திரிச்சுச் சொல்றாங்க. மைக்கு எங் கைக்கு வந்துச்சு. நானும் நாடகக்காரன், சும்மா நல்லா இருந்துச்சுன்னு சொல்லீட்டு ஒக்கார முடியுங்களா? சொன்னன். கதைன்னு ஒண்ணு இல்ல, நாட்டுக்கு ஒரு கருத்து இல்ல, பஸ்ஸு வராததுக்கு யாரு காரணம்னு ஒரு வசனமாச்சும் வெச்சிருக்கோணும், கடைசில வசந்தாமணி எந்திரிச்சுப் பேசற பேச்சு மட்டும் ரொம்பச் சத்தமாப் போயிருச்சு, அதுவரைக்கும் இருந்ததோட ஒட்டுல, இப்பிடி. மைக்குக் குடுத்த அம்மிணி ரெண்டு தடவ கைய நீட்டுச்சு. நான் முடிச்சுட்டுத்தான் குடுத்தன்.

மேடைல அஞ்சு பேரும் பெஞ்சு மேல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. வசந்தாமணி நான் பேசறது பூரா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. பதில் சொல்லும், சொன்னா அதுக்கு நான் என்ன சொல்லோணும்னு உள்ளுக்குள்ள வரிசைப்படுத்திக்கிட்டு நின்னன். "நன்றிங்கண்ணா"ன்னுச்சு. அவ்வளவுதான். அடுத்தாளு பேச ஆரம்பிச்சுட்டாங்க.

எனக்கு அதுக்கு மேல உள்ள இருக்கப் புடிக்குல. வெளிய வந்து மண்டபத்து கேட்டுக்குப் பக்கத்துல வேப்பமர நெழல்ல நின்னன். சித்த நேரத்துல வசந்தாமணி மூஞ்சியக் கழுவீட்டு, முந்தானைல தொடைச்சுக்கிட்டே வேகமா வந்துச்சு. பின்னாடியே பொண்ணு. அந்தப் பொண்ணு வேலைக்குப் போகுதாம் இப்ப.

"சாப்புடாம போறீங்களேண்ணா. உள்ள பந்தி போட்டிருக்கறாங்க"ன்னுச்சு.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னன்.

"கடைசில நான் பேசறது சத்தமாப் போச்சுன்னு சொன்னீங்கல்ல. அது சரிதானுங்கண்ணா. எனக்கே அங்க என்னமோ இடிச்சுக்கிட்டே இருந்துச்சு, என்னன்னு தெரியாம இருந்தன். அடுத்த வாரம் சத்தியமங்கலத்துல போடறம். அங்க கொறைச்சுப் பாக்கறன்"னுச்சு.

ஏனுங்க, இருவது வருசம் மேடைல நின்னவனுங்க நானு. யாரு எது சொன்னாலும் பதில் இல்லாம நின்னதில்ல. அப்ப எனக்கு ஒண்ணும் வர்ல. அந்தப் பொண்ணு வேற என்னையவே பாத்துக்கிட்டு நிக்குது. "சரி"ன்னன்.

இப்பிடிச் சொன்னதையெல்லாம் ஆமான்னு ஒத்துக்கிட்டா, அப்பறம் எப்பிடிங்க நாடகம் போடறது? நம்ம நாடகத்த நாமளே காப்பாத்தலைன்னா வேற யாரு காப்பாத்துவா? நான் சொல்லிக் குடுத்த எதுவும் அதுக்கு ஏறுல போல. பாவம், நாளைக்கு நாலு பேரு நாலு விதமா எழுதுவாங்க, என்ன பண்ணும்னு தெரியில.

அவினாசி வந்துருச்சுங்களா? இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் சித்த கண்ண மூடிக்கறன், தூங்கற மாதிரி இருந்தா காந்திபுரத்துல ஒரு தட்டு தட்டுங்க.

கோபில பஸ்ஸு வர்ற வரைக்கும் வசந்தாமணி கூடவே நின்னுச்சுங்க. ஏறி ஒக்காந்ததும் ஜன்னலுக்குக் கீழ வந்து, "சத்திக்கும் வாங்கண்ணா. வந்து பாத்துட்டு இதே மாதிரி சொல்லுங்க"ன்னுச்சு. நெசமாத்தான் கூப்புட்டுச்சு, மூஞ்சியப் பாத்தாத் தெரியுமில்லீங்களா. அதுதானுங்க எனக்கு வெளங்கவே மாட்டீங்குது. அத்தன சொன்னதுக்கப்பறம் என்னைய எதுக்குங்க மறுக்காக் கூப்புடோணும்?